கோட்டுக்கு வெளியே ஒரு கோச்

சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் ஓடுகிறவர்களை எல்லாம் ஓட்டுகிற ஒரு மனித இனம் இருக்கிறது. அதைத்தான் இன்று உங்களுக்குக் காட்டப் போகிறேன். கால்பந்து மைதானம் உள்ள எந்த ஊரிலும் இவர் முளைப்பார். விதை வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஒரு பந்தை உருட்டிவிட்டால் போதும். கோட்டோரக் கோச் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் கிடையாது. அதனால் வேலையை விட்டு நீக்கவும் வழி கிடையாது.

எங்கள் கல்லூரி அணிக்கு வாய்த்தவர் எதிர்த் தெரு மருந்துக்கடைக்காரர். பகலெல்லாம் இருமல் மருந்து, சாயங்காலமானால் ஆலோசனை. இரண்டாவதற்கு டாக்டர் சீட்டு தேவையில்லை. தலையில் தொப்பி, கழுத்தில் யாரும் ஊதச் சொல்லாத விசில், ஒரு காலை மட்டும் கோட்டுக்கு உள்ளே வைத்துக்கொண்டு நிற்கிற நிலை, ரெஃப்ரி முறைத்தால் அந்தக் காலை எடுத்துவிட்டு மற்றக் காலை வைக்கிற நிதானம். இந்த இனத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஒரு முழங்கால் கதை இருக்கும். அன்றைக்கு மட்டும் முட்டி போகாமல் இருந்திருந்தால் இவர் எங்கேயோ இருந்திருப்பாராம். எங்கே என்று நாங்கள் கேட்டதில்லை. தூரமாக என்றால் எங்களுக்குச் சம்மதம்.

இவருடைய ஆட்ட நுணுக்கத்தை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். லெஃப்ட். பந்து எங்கே இருந்தாலும், யார் காலில் இருந்தாலும், மழை பெய்தாலும், "லெஃப்ட்ல குடு, லெஃப்ட்ல குடு" என்பார். இடது ஓரத்தில் அப்படி என்ன இருக்கிறது? அவருடைய பையன் இருக்கிறான். நல்ல பையன், நல்ல ஓட்டம். ஆனால் அப்பா வாயைத் திறந்தால் அவன் கழுத்து தானாகத் திரும்பிவிடும். கழுத்து அந்தப் பக்கம் திரும்பினால் பந்து இந்தப் பக்கம் போய்விடும்.

இந்த நேரத்தில்தான் புது கோச் வந்து சேர்ந்தார். பழையவர் தொண்டை கிழியக் கத்துகிற மனிதர். மருந்துக்கடைக்காரருக்குச் சரியான போட்டி. புதியவர் பயிற்சியில் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லித் தருவார், மேட்ச் தொடங்கினால் வாயே திறக்க மாட்டார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரிப்பார். உள்ளே ஆடுகிறவர்கள்தான் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. உரித்த சுளைகளை உபரி ஆட்டக்காரர்களுக்குத் தருவார். அந்த வகையில் நான் நிறையச் சாப்பிட்டிருக்கிறேன்.

கொள்கை நல்ல கொள்கைதான். ஆனால் கோச் பேசாத மைதானத்தில் யார் குரல் கேட்கும்? அதேதான். நடுவில் ஆடுகிறவன் லெஃப்டில் கொடுத்தான், பின்னால் ஆடுகிறவன் லெஃப்டில் கொடுத்தான், கோல்கீப்பர்கூட லெஃப்டில் உதைத்தான். பேருந்தில் ஒரே பக்கம் தொங்குகிற கூட்டம் மாதிரி மொத்த அணியும் இடது ஓரத்தில் மொய்க்க, எதிரணிக்காரன் வலது பக்கம் காலாற நடந்து வந்து கோல் போட்டுவிட்டுப் போனான். மருந்துக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டிவிட்டு, "நான் அப்பவே சொன்னேன், ரைட் சைடு காலியா கிடக்குன்னு" என்றார்.

எப்போது சொன்னார்? அதைக் கேட்கக் கூடாது. இந்த இனத்தின் 'அப்பவே' எந்தக் கடிகாரத்திலும் கிடையாது.

இப்படியே வரிசையாகத் தோற்றோம். ஒரு நாள் பிரின்ஸிபால் மைதானத்துக்கே வந்து, லீக் போட்டியில் கடைசி இடம் வந்தால் அடுத்த வருடம் வேறு கோச் என்று எங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார். கோச் தலையை ஆட்டினார். பிறகு எங்களைப் பார்த்து, "என்னடா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, சாப்பிட்டீங்களா இல்லையா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் ஆரஞ்சு உரிக்கத் தொடங்கினார். அன்றைக்கு எல்லோருக்கும் சுளை கிடைத்தது.

கோச்சை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று பேசினோம். மருந்துக்கடையைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைக்கலாம் என்பது என் யோசனை. பையன் மட்டும், "வேணாம்டா, அவருக்கு இதை விட்டா வேற ஒண்ணும் இல்லடா" என்றான். கோச் செய்தது வேறு. நேராகக் கடைக்குப் போய், தினமும் பயிற்சிக்கு வந்து கத்த வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் அன்றைக்கே கடையை மனைவியிடம் ஒப்படைத்தார். தன்னை ஆலோசகராக நியமித்துவிட்டதாக இருமிக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாராம்.

அதன் பிறகு தினமும் லெஃப்ட். ஓடும்போது லெஃப்ட், நிற்கும்போது லெஃப்ட், தண்ணீர் குடிக்கும்போதும் லெஃப்ட். கோச் எங்களுக்கு வைத்த பயிற்சி ஒன்றே ஒன்று: திரும்பக் கூடாது. முதலில் காது வலித்தது, அப்புறம் பழகியது, ரயில் பாதை ஓரம் குடியிருக்கிறவன் தூங்குகிற மாதிரி நாங்கள் ஆடத் தொடங்கினோம். கடைசியாக அடங்கிய கழுத்து பையனுடையது.

கடைசி மேட்ச் எங்களைப் போலவே அடியில் கிடந்த ஒரு கல்லூரியோடு. தோற்கிறவர்களுக்குக் கடைசி இடம். ஆட்டத்துக்கு முன் அவர்களுடைய கேப்டன் என்னிடம் வந்து, உங்கள் கோச் யார் என்று கேட்டான். ஒரு பக்கம் ஆரஞ்சு உரிக்கிற மனிதர், இன்னொரு பக்கம் தொப்பியும் விசிலும். நான் யாரைக் காட்டுவேன்? சுளை தின்ற எனக்கும் ஒரு தர்மம் இருக்கிறது. தொப்பியைக் காட்டினேன்.

அவ்வளவுதான், நம்பிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் லெஃப்ட் என்று கத்தக் கத்த, எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் எல்லோரும் பையனைச் சுற்றி நின்றார்கள். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு கூட்டம் கூடாது. ஆட்டம் முடியப் போகிற நேரம்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை, அப்போது பந்து அவனிடம் வந்தது. அப்பா கத்தினார். பையன் திரும்பவில்லை. மொத்தக் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடி, ஆளே இல்லாத வலது பக்கத்துக்குப் பந்தைத் தூக்கிப் போட்டான். அங்கே நின்றவன் செய்ய வேண்டிய வேலை காலை நீட்டுவது மட்டும்தான். நீட்டினான். கோல்.

ரெஃப்ரி கடைசி விசில் ஊதியதும் மருந்துக்கடைக்காரர் நேராகக் கோச்சிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன் பாத்தீங்களா சார்?"

"உங்க உதவி இல்லன்னா இது நடந்தே இருக்காது சார்" என்றார் கோச். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

பிறகு மருந்துக்கடைக்காரர் பையன் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நான் கத்தினது உனக்குக் கேட்டுச்சாடா?"

"எல்லாமே கேட்டுச்சுப்பா."

வீடு போகும்போது அப்பாவின் தொப்பி பையன் தலையில் இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன், வெயிலில் கண் கூசியது.

கோச் அடுத்த வருடமும் இருக்கிறார். ஆனால் ஒரு சிக்கல். எதிரணிகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தொப்பிக்காரர் கத்தினால் இனி யாரும் ஏமாற மாட்டார்கள். கோச் நிலைக்க வேண்டுமென்றால் எங்களுக்குப் புதிதாக ஓர் ஆள் தேவை. விளையாடியிருக்க வேண்டியதில்லை. எதையும் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று வாய் ஓயாமல் சொல்லத் தெரிந்தால் போதும். நீங்களும் முதல் வரியிலிருந்து, இவன் இதை வேறு மாதிரி எழுதியிருக்கலாமே என்று முனகிக்கொண்டுதான் வருகிறீர்கள். சனிக்கிழமை மைதானத்துக்கு வாருங்கள். விசில் நாங்கள் தருகிறோம்.