கிழக்கு பார்த்து நிற்காத கார்

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். சர்க்கரை இல்லாத தேநீர் ஒரு கோப்பை. காரின் நான்கு டயர்களிலும் காற்று சரிபார்த்தேன். வானம் தெளிவு. 6.30க்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். இதுவரை டைரியில் என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. அதற்குக் கீழே நான்கு வரிகளை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். அவமானத்தை ஒழுங்கான கையெழுத்தில் எழுத முடிவதில்லை.

எங்கள் கார் பழையது. 'எங்கள்' என்பது பழக்கதோஷம். அது என் மனைவி வசந்தாவின் கார். இருபது வருடங்களுக்கு முன் அவள் வாங்கியது. நாங்கள் இருக்கும் மாசாயிலிருந்து தினமும் அவள் வேலைக்குப் போய்வருவது அதில்தான். அவளுடைய அண்ணன் மகள் கவிதாவைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனதும் அதில்தான். அதனால்தான் கல்யாணம் நிச்சயமானதும் கவிதா, "அத்தை கார்லதான் கோயிலுக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து பவர் ஸ்டீரிங் பம்ப் முனக ஆரம்பித்தது. வீட்டு முன்தரையில் எண்ணெய் சொட்டியது. வேறொருவராக இருந்தால் பம்பை மாற்றியிருப்பார். நான் மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தேன். பவர் ஸ்டீரிங்கையே எடுத்துவிட்டால் என்ன? டைரியின் ஒரு பக்கத்தில் கோடு கிழித்து, இடப்புறம் சாதகம், வலப்புறம் பாதகம் என்று பதினேழு குறிப்புகள் எழுதினேன். எஞ்சினுக்குச் சுமை குறையும். ஒழுகுவதற்கு ஒன்றும் இருக்காது. அந்தக் காலத்தில் எல்லாரும் பவர் இல்லாமல்தானே ஓட்டினார்கள்? (அந்தக் காலத்தில் எல்லாருக்கும் என்ன கை இருந்தது என்பதை நான் எழுதவில்லை.)

மெக்கானிக் குமார் சொல்லித்தான் பார்த்தார். "அண்ணே, பவரோட ஓட்டுறதுக்குன்னே செஞ்ச ஸ்டீரிங் இது. பம்ப சுத்துற பெல்ட்ட மட்டும் கழட்டுனா உள்ள இருக்கிற எண்ணெயே எதுத்துக்கிட்டு நிக்கும். வேணாம் லா. ரெண்டு நாள் குடுங்க, பம்ப் தேடித் தரேன்."

"எல்லாம் படிச்சுட்டேன் தம்பி" என்றேன். சனிக்கிழமை மதியம் நானே பெல்ட்டைக் கழற்றினேன். பாசீர் கூடாங் நெடுஞ்சாலையில் நேராக ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போயிற்று. டைரியில் 'வெற்றி' என்று எழுதி அடிக்கோடிட்டேன். வசந்தாவிடம் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தேன்.

ஆச்சரியப்பட்டாள்.

முகூர்த்தம் 9 முதல் 10.30 வரை. 9.25க்குக் கவிதாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வசந்தா முன்னதாகவே கோயிலுக்குப் போயிருந்தாள். முதல் சந்தியில் திரும்பும்போதே தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. "மாமா, ஏன் இப்படி வேர்க்குது?" என்று பின்னாலிருந்து கவிதா கேட்டாள். ஏசி போதவில்லை என்றேன்.

9.50க்குக் கோயில் வாசல். மேளம் கொட்ட ஆரம்பித்தது. பெண்கள் ஆரத்தித் தட்டோடு தயாராக நின்றார்கள். கவிதாவின் அப்பா, "மச்சான், அப்படியே நிறுத்துங்க, போதும்!" என்றார். அப்படியே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் கார் தெற்கு பார்த்து நின்றது. பெண் வந்து இறங்கும் வண்டி கிழக்கு பார்த்து நிற்க வேண்டும் என்று ஏற்பாட்டுப் பட்டியலில் நானே எழுதி, எல்லாருக்கும் வாட்சாப்பில் அனுப்பியிருந்தேன்.

"ஒரு நிமிஷம், திருப்பிடுறேன்" என்றேன்.

ஓடும் வண்டியில் திரும்புகிற ஸ்டீரிங் வேறு, நிற்கிற வண்டியில் திரும்புகிற ஸ்டீரிங் வேறு. பதினேழு குறிப்புகளில் இது இல்லை. முன்னே ஒரு முழம், பின்னே ஒரு முழம் என்று நகர்த்தியதில், கார் வாசலுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டது. ஒரு பக்கக் கதவைச் சுவர் அடைத்தது, மறுபக்கக் கதவை வாசல் தூண் அடைத்தது. கவிதா உள்ளே. ஆரத்தி வெளியே.

"நான் ஜன்னல் வழியா இறங்கிடவா மாமா?"

"ஆரத்தி எடுக்காம இறங்கக் கூடாது!" என்று தட்டேந்திய பெண்கள் கத்தினார்கள். அதற்குள் பின்னால் மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. கெலாங் பாத்தாவிலிருந்து வந்த சம்பந்திகள் எட்டிப் பார்த்தார்கள். "அலமாக், கோயிலுக்குக் கார்லயே பூட்டுப் போட்டுட்டாங்க!" என்றது ஒரு குரல். மணி 10.05.

வசந்தா ஓடிவந்தாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீரிங்கைப் பிடித்து இழுத்தாள். "ஆ!" என்று வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என் கார என்னங்க பண்ணீங்க?"

அந்தத் தோள் இறுகிப்போய் மூன்று மாதமாக மருத்துவமனையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் போகும் தேதிகளைக் குறித்து வைத்தவன் நான். என் பதினேழு குறிப்புகளுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், அதே பேனாவால்.

கடைசியில் மாப்பிள்ளையே இறங்கினார். மாலையும் தலைப்பாகையுமாக ஜன்னலுக்குள் தலையை விட்டு, "மாமா, நான் மூணு சொன்னதும் இழுங்க" என்றார். அவரும் நானும் இழுக்க, தவில்காரர் பின்னாலிருந்து தள்ள, கார் நகர்ந்தது. தாலிக்கு முன்பே மாப்பிள்ளை தொட்டது என் ஸ்டீரிங்கைத்தான். கதவு திறந்தது, ஆரத்தி எடுத்தார்கள், தாலி ஏறும்போது மணி 10.27. கார் நின்ற திசை வடமேற்கு.

இப்போதும் எங்கள் குடும்பத்தில் யார் காரை நிறுத்தினாலும், "இது கிழக்குதானே மாமா?" என்று கவிதா கேட்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வசந்தாவின் தோளைப் பார்க்காமல்.

கல்யாணத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை, 5.10க்கு எழுந்ததும் டைரியைத் திறக்கவில்லை. முதலில் சமையலறைக்குப் போனேன்.

"வசந்தா, உன் ஸ்டீரிங்க என்ன செய்யலாம்?"

அவள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. இடது கையால் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றாள். ஆற்றிய தேநீரைக் கோப்பையில் ஊற்றியபடி, "பம்ப மாத்தச் சொல்லுங்க. குமார் பட்டறைக்கு நீங்களே ஓட்டிட்டுப் போங்க. எத்தன முக்கு திரும்பணும்னு எண்ணிட்டு வந்து எனக்குச் சொல்லணும்."

பதினொன்று.