சத்தம் போடாத வண்டி

பெல்ட் மாட்டவில்லை.

இளம்பரிதி காரின் பின்கதவு வழியாகப் பாதி உடம்பை உள்ளே நுழைத்து, புதிதாக வாங்கிய குழந்தை சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி, காரின் பெல்ட்டை அதன் முதுகுப்புறமாகச் சுற்றி இழுத்துப் பூட்டில் அழுத்தினான். 'டக்' என்று சத்தம் வரவேண்டும். கூடவே வந்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. வரவில்லை.

"மாட்டிடுச்சாங்க?" வெளியே நின்ற சுமலதா கேட்டாள்.

"கொஞ்சம் டைட்டா இருக்குது."

"அரை மணி நேரமா டைட்டாத்தான் இருக்குது."

அவள் இடுப்பில் மூன்று வயது பிரவீனா. நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கம், ஒரு வாரத்தில் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு வந்திருந்தது. இளம்பரிதி அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தளியில் மாமியார் வீட்டிலிருந்து திரும்பும்போது குறுக்கே ஒரு பைக் வந்தது. பிரேக் போட்டான். முன்சீட்டில் அம்மா மடியிலிருந்த பாப்பா டேஷ்போர்டில் போய் முட்டினாள். சுமலதா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இனிமே பாப்பா என் மடியில வரமாட்டா. அவளுக்குன்னு பெல்ட்டு வச்ச சீட்டு வரணும். இல்லாட்டி நாங்க பஸ்ஸு" என்று மட்டும் சொன்னாள்.

கம்பெனியில் கேட்டவர்களிடம், பாப்பா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள் என்றான். வேறென்ன சொல்வது? ஓசூர் சிப்காட்டில் அறுநூறு பேர் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு அவன்தான் சேஃப்டி ஆபீசர்.

சீட்டைத் தேர்ந்தெடுப்பதில் அவன் குறை வைக்கவில்லை. நான்கு சாயங்காலம் கடை கடையாக ஏறினான். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து வார் இருக்கிற சீட்டாகப் பார்த்தான். தோள் வாரை இறுக்கினால் கிள்ளிப் பிடிக்க முடியாதபடி படிகிறதா என்று ஒவ்வொன்றிலும் சோதித்தான். கடைசியில் வாரைப் பிடித்துத் தொங்கியே பார்த்தான். "சார், இது குழந்தைக்குத்தானே?" என்றார் கடைக்காரர்.

"அந்தப் பக்கம் போட்டுப் பாருங்க" என்றாள் சுமலதா.

அந்தப் பக்கமும் போட்டுப் பார்த்தான். அங்கேயும் மாட்டவில்லை.

"வாங்கின புதுசுல பின்னாடி முட்டைக்கோஸ் மூட்டைய வச்சாலே, பெல்ட்டு போடு பெல்ட்டு போடுன்னு கத்துச்சு இந்த வண்டி. இப்ப போட வந்தா மாட்டமாட்டேங்குது."

"டார்ச்ச நேரா பிடி."

இரண்டு பக்கமும் மாட்டவில்லை என்றால் சீட்டில்தான் கோளாறு. இந்த முடிவுக்கு வந்ததும் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. சீட்டைத் தூக்கிக்கொண்டு பாகலூர் ரோட்டிலிருந்த கடைக்குப் போனான்.

கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீட்டு நல்லாத்தான் இருக்குது சார். உங்க கார் பெல்ட்டு சரியா இருக்குதா பாத்தீங்களா?"

"நான் சேஃப்டி ஆபீசர்."

"இல்ல சார், சும்மா கேட்டேன்."

"தினமும் காலையில அறுநூறு பேருக்கு நான் கிளாஸ் எடுக்கறவன்."

கடைக்காரர் வேறொரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். அது முந்தையதைவிடப் பெரிது. காரில் வைத்ததும் முன்சீட்டு நகர்ந்து, ஸ்டியரிங் இளம்பரிதியின் தொப்பையில் உட்கார்ந்தது. பெல்ட் அப்போதும் மாட்டவில்லை.

மணி ஒன்பதரை. பத்தரைக்குக் கம்பெனியில் குடும்ப விழா. பாதுகாப்பு வாரத்தின் கடைசி நாள். 'காரில் குழந்தை' என்று அவன் பேசவேண்டும். ஜி.எம். ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "வெறுமனே பேசாதப்பா. உன் கார், உன் பாப்பா. செஞ்சு காட்டு."

டிக்கியில் உயரத்தில் வேலை செய்பவர்கள் மாட்டும் கயிறு ஒன்று கிடந்தது. ஒரு ஆளையே தாங்கும் கயிறு. அதை எடுத்து சீட்டைச் சுற்றிக் கட்டினான். இறுக்க இறுக்க சீட்டு மல்லாந்தது. பாப்பாவை உட்காரவைத்து ஐந்து வாரையும் போட்டபோது, அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"அப்பா, டாக்டரு ஊசி போடுவாங்களா?"

சுமலதா வார்களைக் கழற்றிப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டாள். "கம்பெனி பஸ்ஸு சர்க்கிள்கிட்ட நிக்கும். நாங்க அதுல வந்துர்றோம். நீங்க சீட்ட கூட்டிட்டு வாங்க."

அப்படித்தான் நடந்தது. முன்னால் கம்பெனி பஸ் போனது. பின்கண்ணாடி வழியாகப் பாப்பா கையசைத்தாள். பின்னால் சேஃப்டி ஆபீசர், காலி சீட்டைக் கயிற்றால் கட்டி ஏற்றிக்கொண்டு, பதிலுக்குக் கையசைக்காமல் வந்தான்.

கேட்டுக்குள் நுழைந்ததும் கயிற்றை அவிழ்த்து ஒளித்தான். ஆனால் ஷாமியானாவுக்குப் போக முடியவில்லை. ஜி.எம்.மே பார்க்கிங்குக்கு வந்துவிட்டார். பின்னாலேயே மைக், அதன் பின்னால் நூறு பேர், புடவையும் பொங்கல் தட்டுமாக.

"இங்கயே காட்டிடலாம்பா" என்றார் ஜி.எம். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இவர் வண்டியில பின்சீட்டுல நான் ரெண்டு வாட்டி போயிருக்கேன். என் வண்டியெல்லாம் பெல்ட்டு போடலன்னு கோயில் மணி மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கும். இவர் வண்டியில ஒரு சத்தம் கிடையாது. அதான் ஒழுக்கம்" என்றார்.

கை தட்டினார்கள். இளம்பரிதி குனிந்து பெல்ட்டை இழுத்தான். அழுத்தினான். உட்கார்ந்து அழுத்தினான். நெற்றி வியர்வை சீட்டில் சொட்டியது.

"ஸ்வல்ப எத்தி ஒத்தி சார்" என்று பெயிண்ட் ஷாப்காரர் கன்னடத்தில் தூக்கி அழுத்தச் சொன்னார். இன்னொருவர் தெலுங்கில் ஏதோ சொல்ல, நாலு பெண்கள் சிரித்தார்கள். பொங்கல் தட்டிலிருந்து ஒரு முந்திரி சீட்டில் விழுந்தது.

"அப்பாக்கு வராது" என்று பாப்பா மைக்குக்குப் பக்கத்தில் சொன்னாள். அது கேன்டீன் வரை கேட்டது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். பிரஸ் செக்‌ஷன் கரியப்பன். அவனைப் பார்த்ததும் இளம்பரிதி இன்னும் வேகமாகப் பெல்ட்டை அழுத்தினான்.

பிரஸ் மெஷினில் கதவு மூடினால்தான் மெஷின் ஓடும். கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சென்சார் உண்டு. போன மாதம் கரியப்பன் அதில் ஒரு மேக்னெட்டை ஒட்டி, கதவு மூடியிருப்பதாக மெஷினை நம்பவைத்து, திறந்த கதவோடு ஓட்டினான். இளம்பரிதி பிடித்தான். மூன்று நாள் சஸ்பெண்ட். மேக்னெட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நோட்டீஸ் போர்டில் மாட்டி, 'மெஷினை ஏமாற்றுகிறவன் தன்னையே ஏமாற்றுகிறான்' என்று கீழே எழுதியும் வைத்திருந்தான். இன்னும் அங்கேதான் தொங்கியது.

"நான் ஒருவாட்டி பாக்கட்டுங்களா சார்?"

வேண்டாம் என்று சொல்ல இளம்பரிதிக்கு மூச்சில்லை. நகர்ந்துகொண்டான்.

கரியப்பன் பெல்ட்டைத் தொடவே இல்லை. குனிந்து இரண்டு பக்கத்துப் பூட்டின் வாயையும் உற்றுப் பார்த்தான். விரல் நுனியால் எதையோ நெம்பி எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டான். பிறகு பெல்ட்டை இழுத்து மெதுவாக வைத்தான்.

டக்.

"என்னப்பா இருந்தது உள்ள?" என்றார் ஜி.எம்.

"தூசிங்க சார்."

சீட்டு அசையவில்லை. சுமலதா பாப்பாவை உட்காரவைத்தாள். தோள் வார் இரண்டும் கிள்ள முடியாமல் படிந்தன. கூட்டம் கை தட்டியது. ஜி.எம். மைக்கை இளம்பரிதியின் கையில் திணித்தார். "பேசுப்பா. பாதுகாப்புங்கறது வீட்டுலேர்ந்து ஆரம்பிக்குதுன்னு சொல்லு."

இளம்பரிதி தொண்டையைச் செருமினான். கரியப்பன் கும்பிடுவது போல் பக்கத்தில் வந்து, அவனுடைய இன்னொரு கையில் சின்னதாக, சில்லென்ற ஒரு இரும்புத் துண்டை வைத்து, மைக்கில் விழாதபடி காதோரம் குனிந்தான்.

"பெல்ட்டு போட்டாச்சுன்னு வண்டிய ஏமாத்த நீங்க சொருவி வச்சு மறந்துட்ட டம்மிங்க சார் இது, அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குது, ரெண்டையும் என் மேக்னெட்டுக்குப் பக்கத்துலயே மாட்டிடட்டுங்களா?"