மடியில் டிஸ்க்கும் வாசலில் நானும்

தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் வந்த நாள் முதல், வீட்டுக்காரனை அவன் வீட்டை விட்டே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்ட மெக்கானிக் ஒரே ஒருவர்தான். ராஜபாளையத்தில் அவருக்குக் கழட்டு அண்ணாச்சி என்று பெயர். எந்தக் கோளாறுக்குக் கூப்பிட்டாலும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை, "மொதல்ல டிஸ்க்கக் கழட்டு." சேமித்ததெல்லாம் இருக்கும் ஹார்டு டிஸ்க்கைத்தான் சொல்கிறார்; கீபோர்டில் ஒரு எழுத்து விழவில்லை என்றாலும் அதேதான்.

ஒரு பேண்டேஜ் ஆலையில் கழட்டிய டிஸ்க்கை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாராம். முதலாளி தெலுங்கில் வைததைத் தமிழில் எழுதினால் இந்தப் பத்திரிகை ஆசிரியர் என் பத்தியையே நிறுத்திவிடுவார்.

இத்தனையும் தெரிந்தே கூப்பிட்டேன். தலையெழுத்து! தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வீட்டு முன்னறையிலேயே எனக்கு டி.டி.பி. தொழில், அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்கோப்பது. ஒரு பள்ளிக்கூடத்தின் பொன்விழா மலர் கையில் இருந்தது. என் மனைவி ஒரு கம்ப்யூட்டரில் டைப் அடிப்பாள், நான் இன்னொன்றில் பக்கம் கட்டுவேன். நடுவே ஃப்ளாப்பியைத் தூக்கிக்கொண்டு முட்டி மோதுவோம். மூன்றாவதாக ஒரு பழைய பெட்டியை சர்வர் ஆக்கினால் இருவருக்கும் பொதுவாக இருக்குமே என்று, மலர் முழுவதும் இருந்த டிஸ்க்கை அதில் மாட்டிவைத்தேன். வேறு நகல் கிடையாது. அது போனால் மலரும் போச்சு, என் பிழைப்பும் போச்சு.

அதில் சர்வர் புரோகிராமை முதலில் ஒரு தடவை போட்டுப் பார்க்க அண்ணாச்சி வந்தார். பெட்டியைத் திறந்தார். "மொதல்ல இதக் கழட்டு."

"சும்மா டெஸ்ட்டுதான அண்ணாச்சி?"

"டெஸ்ட்டுங்கதாலதான்லே கழட்டச் சொல்லுதேன்! நெசமாப் போடும்போது எவனும் கவனமா இருப்பான். டெஸ்ட்டுன்னா கண்ண மூடிக்கிட்டுத் தட்டுவான்."

கழட்டிய டிஸ்க்கைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்து, வாசலுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார். என் வீடு! என் கம்ப்யூட்டர்! கரண்ட் பில் கட்டுகிறவன் நான்! மனைவிக்கு மட்டும் உள்ளே அனுமதி; அவள் நிதானமானவளாம். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் வாசல்படியில் உட்கார்ந்திருந்த என் மடியைப் பார்த்தார்கள். "ராஜபாளையத்து நாய்க்குட்டியா? கடிக்குமா?" என்று ஒருவர் துண்டை வேறு விலக்கிப் பார்த்தார்.

எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். என் டிஸ்க் இருந்த இடத்தில் தன் பழைய டிஸ்க் ஒன்றை மாட்டி, கிறுக்கன் மாதிரி எல்லாக் கேள்விக்கும் 'எஸ்' தட்டிக்கொண்டிருந்தார். பாதியில் பிளக்கை வேறு பிடுங்கினார்.

"என்ன அண்ணாச்சி கூத்து இது?"

"நீ என்னென்ன செய்வியோ, அம்புட்டையும் நானே செஞ்சு பாக்கேன்."

ரத்தம் கொதித்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு கூச்சல்: "ஏலே, அம்புட்டும் போச்சு! சுத்தமாத் தொடச்சிருச்சு!"

மலர், பிழைப்பு, மானம் எல்லாம் போயிற்று என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவிதான் வெளியே வந்து, "மடியில என்ன வச்சிருக்கீக?" என்றாள். பார்த்தால் டிஸ்க் பத்திரமாக இருக்கிறது. உள்ளே அண்ணாச்சி, அழிந்துபோன தன் டிஸ்க்கைத் தட்டிக்கொடுத்தபடி கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் 'எஸ்' தட்டினால் ஆபத்து என்று அந்த டிஸ்க்கைப் பலி கொடுத்துத்தான் கண்டுபிடித்திருந்தார்.

பிறகு எல்லாம் ஒழுங்காக முடிந்தது. சர்வரில் நகலைத்தான் போட்டார். அசலை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "பீரோவுல வையி. நானே வந்து கேட்டாலும் குடுக்காத" என்றார். இந்த அதட்டல் வேண்டும் என்று நான் கேட்டேனா?

மலரில் நன்றி சொல்ல அவர் நிஜப் பெயரைக் கேட்டேன். "அதத் தப்பா அடிச்சுத் தொலைப்ப" என்று சைக்கிளை மிதித்துவிட்டார். கோபத்தில் 'கழட்டு அண்ணாச்சிக்கு நன்றி' என்றே போட்டேன். தலைமையாசிரியர் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "யாருங்க இது? உங்க சொந்தக்காரரா?" என்று கேட்டார்.

அவ்வளவு எரிச்சலிலும், "ஆமாங்க, எங்க அண்ணன்" என்றுதான் வாயில் வந்தது.