ஜெனரலை இரண்டு முறை அவுட்டாக்கியவரின் மனைவி எழுதுவது

ஜான்சி ராணுவக் குடியிருப்பு,
மார்ச் கடைசி, 1894.

அன்பும் மரியாதையும் நிறைந்த அகஸ்டா அக்காவுக்கு,

தங்கை ஹாரியெட் எழுதிக்கொண்டது. நீ நலமென்றும், அத்தானின் முட்டிவலி குளிர் குறைந்ததும் மட்டுப்பட்டிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் குழந்தை மேபலும் உயிரோடிருக்கிறோம். என் கணவர் மேஜர் தியோடர் விட்காமும் இருக்கிறார். அதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

கல்யாணத்தன்று அப்பா, "மாப்பிள்ளை போர்வீரன்டி, நீ கொடுத்துவைச்சவ" என்றாரே, நினைவிருக்கிறதா? போர்வீரரா இவர்? கல்லூரியில் படிப்பு ஏறவில்லை, கையில் பந்து மட்டும் நன்றாகச் சுழன்றது. சுழல்பந்து வீச ஆளில்லாமல் தவித்த ரெஜிமென்ட் ஒன்று இவரைக் கொத்திக்கொண்டு போனது. ஆப்கன் சண்டையிலிருந்து உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பினார். அந்த வளைந்த மூக்கை ஊரே வீரத்தழும்பு என்கிறது. அது ஓய்வுநாளில் முகாம் சமையல்காரன் திருப்பியடித்த பந்து. கேப்டன் ஆனது, பழைய கர்னல் வீசிய பந்தில் கேட்ச் பிடித்ததற்காக. மேஜர் ஆனது, அதே கர்னல் பந்தில் அவுட்டாகி அவரை மகிழ்வித்ததற்காக. வேண்டுமென்று அவுட்டாகவில்லை அக்கா, இவருக்கு மட்டை பிடிக்கவே தெரியாது.

போகட்டும். போன கோடையில் மேபல் காய்ச்சலில் பிழைத்ததே பெரிது. இன்னொரு கோடை இந்தச் சமவெளியில் இருந்தால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிம்லாவில் ஒரு பதவி காலி. அதைக் கொடுக்கும் அதிகாரம் உள்ள ஜெனரல் ஹாலிவெல் ஆய்வுக்கு இங்கே வந்தார். வந்தவர் கிரிக்கெட் ஆடியும் காட்டுவேன் என்று அடம்பிடித்தார். ஆட்டத்தன்று காலையில் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தியோ, ஜெனரல் மட்டையோட வந்தா, மேபலுக்குப் போடற மாதிரி மெதுவா போடுங்க. புண்ணியமாப் போகும்."

"சத்தியமா ஹாரி. மேபல் மேல ஆணை."

நான் கூடாரத்தில் ஜெனரலின் மனைவிக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் வீசிய முதல் பந்து பசுமாடு போல அசைந்து வந்தது. எனக்கு நிம்மதி. தரையைத் தொட்டதும் அதற்கு என்ன வந்ததோ, வெடுக்கென்று திரும்பி நடு ஸ்டம்பைப் பிடுங்கிப் போட்டது.

"பேண்டு சத்தத்துல பந்தே தெரியலை. நான் தயாராவே இல்ல!" என்று ஜெனரல் கர்ஜித்தார்.

அம்பயராக நின்ற பாதிரியார், "தயாரா இல்லாதவரை அவுட்டுன்னு சொல்றது கிறிஸ்தவ தர்மம் இல்ல. நாட் அவுட்!" என்றார்.

பேண்டு நின்றது. வேண்டாம், வேண்டாம் என்று கூடாரத்திலிருந்து தலையை ஆட்டினேன். இவரும் சமர்த்தாகத் தலையாட்டினார். அடுத்த பந்து எதிர்ப்பக்கமாகத் திரும்பி அதே ஸ்டம்பைச் சாய்த்தது. பாதிரியார் வானத்தைப் பார்த்தார். அங்கிருந்தும் ஒரு சாக்கு கிடைக்காததால் விரலைத் தூக்கிவிட்டார்.

ஜெனரலின் மனைவி கோப்பையைக் கீழே வைத்து, "உன் வீட்டுக்காரருக்கு மலைக்காத்து ஒத்துக்காது போலிருக்கே, ஹாரியெட்?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "குழந்தை மேல ஆணையிட்டீங்களே!"

"மெதுவாத்தான் போட்டேன் ஹாரி, கை கேக்கலை. ரெண்டாவது பந்து திரும்பினதைப் பாத்தியா? என் ஆயுசுல அப்படித் திரும்பினதில்ல." இவர் கண்ணில் நீர் அக்கா, ஆனந்தக் கண்ணீர்! தலையணையை எடுத்து வீசினேன். அதையும் கேட்ச் பிடித்தார்.

மறுநாளே உத்தரவு வந்துவிட்டது: குவெட்டாவுக்கு அப்பால் புல் முளைக்காத ஒரு கோட்டைக்கு மாற்றம். நான் முடிவு செய்துவிட்டேன். மேபலோடு அடுத்த கப்பலில் ஊருக்கு வருகிறேன், பின்கட்டு அறையைத் தயார்செய். சொன்னதும் இவர் எழுந்தார். போய் மேபலின் பொம்மையைத் தன் நல்ல கம்பளிச் சட்டையில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் என் மனம் மாறாது.

அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்களையெல்லாம் காப்பாராக.

உன் அபாக்கியத் தங்கை,
ஹாரியெட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஜெனரலே குதிரையில் வந்து இறங்கினார். "விட்காம், குவெட்டாக்காரங்க ஜூன்ல எங்க சிம்லா டீமோட ஆட வராங்க. நீயும் அவங்களோட வந்து பந்து போடுவியோ?" என்று கேட்டார். "கூப்பிட்டா வருவேன் சார்" என்றார் இவர், மனிதருக்குப் பொய்யே வராது. ஜெனரல் வெளிறிப்போனார். "அதெல்லாம் ஆகாது! நீ சிம்லாவுக்கு வா. என் டீம்லதான் இருக்கணும்!" அக்கா, அறை வேண்டாம், நாங்கள் மலைக்குப் போகிறோம். மேலே எழுதியதை அத்தானிடம் காட்டாதே. தியோ முழுக்க முழுக்கத் தன் திறமையால் மேலே வந்தார் என்று மட்டும் சொல். யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான்; இந்த ராணுவத்தில் அப்படி மேலே வந்த வேறொருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.