காற்று போன பின்சக்கரம்

தையல் கடைக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டில் தையல்காரர் குனிந்து அமுக்கிப் பார்த்தார். சைக்கிளின் பின்சக்கரம் பழந்துணி மாதிரி தொளதொளவென்று கிடந்தது. இந்த வாரம் முழுக்க இதே கூத்து.

"யோவ் வாட்ச்மேன், ஸ்டாண்டுல உக்காந்து என்னத்தைய்யா காவல் காக்குற?"

"நான் தொடலைண்ணே."

"தொட்டியான்னு யாருய்யா கேட்டா? கேக்காமலே தொடலைங்கிறவன்தான் தொட்டிருப்பான்."

ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை முடித்து, கேரியரில் உட்கார்ந்து வீடு போக வந்திருந்த மனைவி சாப்பாட்டுப் பையை ஹேண்டிலில் மாட்டினாள். "விடுங்க. காத்தடிக்கிற கடையும் பூட்டியாச்சு. உருட்டிக்கிட்டே போயிடலாம்."

உருட்டினார்கள். பழைய இறக்கம் வந்தது.

"கல்யாணமான புதுசுல இங்கதானே என்னைச் சாக்கடையில தள்ளினீங்க?"

"நானா தள்ளினேன்? நீ இடுப்பைக் கிள்ளினே, நான் கூசிப்போயிட்டேன்."

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வாட்ச்மேன்மேல் இருந்த சந்தேகம் இம்மியும் குறையவில்லை.

மறுநாள் கைப்பம்பு வாங்கி வந்தார். சாயங்காலம் பார்த்தால் காற்றை அடைத்து வைக்கும் வால்டியூப்பையே காணோம். அதற்கடுத்த நாள் சைக்கிளைக் கடைக்குள்ளேயே ஏற்றி, மிஷின் பக்கத்தில் சாத்தினார். அளவு கொடுக்க வந்தவர் திரும்ப, பெடல் மாட்டி அவர் பேன்ட் டர்ரென்று கிழிந்தது.

"சைக்கிள் வேணுமா, வேலை வேணுமா?" என்றார் முதலாளி.

சைக்கிள் மறுபடி ஸ்டாண்டுக்குப் போனது.

"நாளைக்கு நீ வந்ததும் அங்கேயே காவலுக்கு நில்லு," என்றார் மனைவியிடம். "இந்த உலகத்துல நான் நம்புறது உன் ஒருத்தியைத்தான்."

அவள் காவல் நின்ற அன்றைக்கு முன்சக்கரமும் சேர்ந்து படுத்துவிட்டது.

"தண்ணி குடிக்கப் போனேங்க, அதுக்குள்ள..."

மறுபடி நடை. இந்தச் சந்தில்தான் மகள் குரங்குப் பெடல் போட்டுப் பழகினாள். விழுந்து எழுந்து, சைக்கிளுக்கு அடிபட்டுவிட்டதே என்று அழுதாள். அதை மனைவி சொல்லிக்கொண்டே வர, அவர் வெடுக்கென்று சொன்னார்: "இதை வித்துத் தலைமுழுகிடறேன். நாளையிலேர்ந்து நீ பஸ்ல போ, நான் முதலாளி வண்டியில தொத்திக்கிறேன்."

அவள் ஹேண்டிலில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் பழைய இரும்புக்காரர் வந்து சைக்கிளைத் தட்டிப் பார்த்தார். கேரியரில் ஒரு மெத்தை. மிச்சத் துணியெல்லாம் சேர்த்து, அவளுக்குக் குத்தக்கூடாதென்று அவரே தைத்தது. அதை மட்டும் தையல்காரர் அவிழ்த்துத் தனியே எடுத்து வைத்துக்கொண்டார்.

வாட்ச்மேன் ஓடிவந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"திட்டுனா திட்டிட்டுப் போங்கண்ணே, வித்துடாதீங்க! காத்தைப் பிடுங்குனது அண்ணிதான்: கேரியர்ல உக்காந்தா காலம் பூரா உங்க முதுகைத்தான் பார்க்கணுமாம், நடந்தாத்தான் மூஞ்சியைப் பார்த்துப் பேச முடியுதாம்!"