அகலமாகிப்போன அக்கா

புதிதாக ஒரு கருவி வாங்கியவனிடம் எந்த நல்ல காரியத்தையும் ஒப்படைக்கக் கூடாது. கூட வரும் கையேட்டைப் புரட்டுவதற்கு முன்பே அவன் நிபுணன் ஆகிவிடுவான். நான் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஆகிவிட்டேன்.

மலாய் நாடு சுதந்திரமடைந்து ஐம்பது ஆண்டு நிறைந்த வருடம் அது. காஜா பெராங்கில் எங்கள் சந்து முழுக்கக் கொடி. வாசலில், காரில், மோட்டார் சைக்கிளில், ஒரு வீட்டில் கோழிக்கூண்டில்கூட. குருபோங் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்த நான், முதல் போனஸில் ஒரு வீடியோ கேமரா வாங்கினேன். கருவாடு வாங்கப் போனால்கூட அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போவேன். (கருவாட்டையும் படம் எடுத்திருக்கிறேன். மிக நன்றாக வந்திருக்கிறது.)

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை கணேசன் மூவார்க்காரர், நியூசிலாந்தில் எஞ்சினியர். அக்கா பண்டார் ஹிலிரில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இருந்தாள். மேசைக்குப் பின்னால் நின்றால் அவள் கொண்டை மட்டும்தான் தெரியும் என்று நான் கிண்டல் செய்வேன். ஆனால் அவளுக்கு அது வேடிக்கையாக இல்லை. அதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் “பொண்ணு கொஞ்சம் குள்ளம்” என்று சொல்லித்தான் நழுவினார்கள். இந்த முறை அக்கா கணேசனின் போன் வந்தால் துணி காயப்போடும் பக்கமாகப் போய்ப் பேச ஆரம்பித்திருந்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது. இதுவும் தவறினால் இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா போனில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

“போட்டோ வேணாம்மா. ஸ்டூடியோக்காரன் ஆளையே மாத்திடுறான். வீடியோ அனுப்புங்க. வீடியோ பொய் சொல்லாது.”

அம்மா போனை வைப்பதற்குள் நான் கேமராவோடு நின்றேன்.

கேமராவில் ‘அகலத்திரை’ என்று ஒரு பொத்தான் இருந்தது. இருக்கும் பொத்தானை அமுக்காமல் விடுவது என் சுபாவத்திலேயே கிடையாது. அக்கா மயில்கழுத்து நிறச் சேலையில் வாசலிலிருந்து கேட் வரை நடந்தாள். பின்னணியில் கொடி கட்டிய எங்கள் கார். அம்மா பூப்பறிப்பது போல நடித்தார். அப்பா சாதாரணமாக நடந்து வரவேண்டிய இடத்தில் ராணுவ அணிவகுப்பு நடத்தினார். பிரமாதம் என்று கத்தினேன்.

படத்தைக் கணினியில் ஏற்றிப் பார்த்தால், எல்லோரும் நெட்டையாக, ஒல்லியாக இருந்தார்கள். அக்கா வெண்டைக்காய் மாதிரி நீண்டு நடந்து வந்தாள்.

“என் புள்ள எவ்ளோ ஒயரம் பாருங்க!” என்றார் அம்மா, கண் கலங்க. “டேய், இப்படியே அனுப்பிடு லா.”

“என் தொப்பை எங்கடா போச்சு?” என்று அப்பா திரைக்குப் பக்கத்தில் போய்த் தேடினார். அவருக்கும் பரம திருப்தி.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “இது நான் இல்ல. இதப் பார்த்துட்டு வந்து, என்னை நேர்ல பார்த்துட்டு அவங்க எழுந்து போனா நான் எங்க போய் நிக்கிறது? நான் எப்படி இருக்கேனோ அப்படிக் காட்டு, போதும்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலை முடிந்து வந்ததும் இணையத்தில் தேடு தேடென்று தேடினேன். விஷயம் இதுதான்: அகலமான காட்சியைக் கேமரா இரண்டு பக்கமும் நெருக்கி, சாதாரணச் சட்டத்துக்குள் திணித்துவிடுகிறது. திரும்ப விரித்துக் காட்டும்படி நாம்தான் கணினியிடம் சொல்ல வேண்டும். எனக்கோ அந்தச் சொல்லும் இடம் அகப்படவில்லை. அதனால் படத்தின் ஓரத்தைப் பிடித்துக் கையாலேயே பக்கவாட்டில் இழுத்தேன். எவ்வளவு இழுப்பது? எங்கள் கார் டயர் முட்டை மாதிரி நின்றுகொண்டிருந்தது. அது வட்டமாகும்வரை இழுத்தேன்.

“டயர் உருண்டை ஆயிடுச்சு!” என்று வீடு அதிரக் கத்தினேன். எல்லோரும் ஓடிவந்து பார்த்தார்கள். அக்கா அக்காவாகவே இருந்தாள். அப்பாவின் தொப்பை திரும்பி வந்திருந்தது. அக்கா என் தலையில் தட்டி, “பரவால்ல லா, தேறிட்ட” என்றாள். அந்த மகிழ்ச்சியில் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

படத்தை டிவிடி வட்டில் பதியும்போது கணினி ஒரு கேள்வி கேட்டது: இது அகலத்திரைப் படமா? பின்னே, இல்லையா? பெருமையோடு ‘ஆம்’ என்று அமுக்கினேன். நான் ஏற்கெனவே விரித்துவிட்ட படத்தைத் தொலைக்காட்சி இன்னொரு முறை விரிக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. பதிந்த வட்டைப் போட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் அப்பா அதைத் தபாலில் சேர்த்துவிட்டார்.

அன்று சாயங்காலம் என் சாதனையைப் பார்க்க எதிர்வீட்டு ராஜா அங்கிளை அழைத்தேன். அவர் சிட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துபோன தமிழர் வழி. பெயர் நம் பெயர், பேச்சு மலாய். நகல் வட்டைப் போட்டேன். முதலில் போர்வை அகலத்துக்கு ஒரு கொடி வந்தது. பிறகு நசுங்கிய டயரோடு கார். பிறகு திரையை அடைத்துக்கொண்டு, பூமி அதிர, அக்கா.

“அலாமாக்! இனி சியாப்பா?” என்றார் ராஜா அங்கிள். அடடா, இது யார் என்று கேட்கிறார். எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவிடமே கேட்டார்.

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிடலாம்மா,” என்றேன்.

“என்னான்னு சொல்றது? வீடியோவுல இருக்கிறது எங்க பொண்ணு இல்லன்னா?” என்று அம்மா சீறினார். “வாய மூடிக்கிட்டு சும்மா இரு!”

நாட்கள் ஓடின. மூவாரிலிருந்து பேச்சே இல்லை. அக்கா கணேசனின் போனையும் எடுக்கவில்லை. அவங்க அம்மா என்ன சொல்றாங்கன்னு தெரியட்டும் என்றாள். என்னிடம் அவள் பேசவே இல்லை. கேமராவை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன். கடைசியில் ஒருநாள் அவர்களே கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றார்கள்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டு, “உங்க அண்ணன் உள்ள இருக்காருங்களா?” என்று கேட்டார். அப்பாவுக்கு அண்ணனே கிடையாது. அக்கா தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள். அந்த அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு, “பொண்ணக் கூப்பிடுங்கம்மா,” என்றார்.

“இதுதாங்க பொண்ணு,” என்றார் அம்மா, பாதி உயிராக.

யாரும் கேட்காமலேயே நான் டயரிலிருந்து ஆரம்பித்து விளக்கம் கொடுக்கத் தொடங்கினேன். அக்கா குறுக்கிட்டாள். “வீடியோவுல வந்தது நான்தான் ஆன்ட்டி. தம்பி ரெண்டு தடவ இழுத்துட்டான்.”

அந்த அம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு தேநீர் சிந்தச் சிரித்தார்.

“அய்யோ! வீட்டுக்காரர் சொன்னாரு, பொண்ணு ரொம்பப் பூசினாப்புல இருக்கேன்னு. நான்தான் சொன்னேன், பையனுக்குப் புடிச்சிருக்கு, நடந்து வர்றப்ப எவ்ளோ அழகா சிரிக்குது, நமக்கு வேற என்ன வேணும்னு. பேசாம கெளம்பி வந்துட்டோம்.”

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது.

வரும் வழியில் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் வாங்கிய கல் வளையல் ஜோடியை எடுத்து, அவரே அக்காவின் கைகளில் மாட்டினார். அக்கா கையைக் கீழே விட்டதும் வளையல்கள் நழுவி விழுந்து, உருண்டு நாற்காலிக்கு அடியில் போயின. “டிவியப் பார்த்து அளவு சொன்னேம்மா,” என்றார் பாவம்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. (வீடியோவுக்கு வேறு ஆள்.) போன தீபாவளிக்கு அக்கா பிள்ளைகளோடு ஊருக்கு வந்தபோது, அதே வளையல்கள் அவள் கையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. அவள் மாமியார் அதை வீடு முழுக்கக் காட்டி, தான் அன்றைக்கே சரியான அளவுதான் வாங்கியதாகச் சாதித்தார்.

“ஆமா அத்தை,” என்றாள் அக்கா, என் தோளில் ஓங்கித் தட்டி. “வீடியோவும் சரியாத்தான் எடுத்தான். என்னா, கொஞ்சம் சீக்கிரமா எடுத்துட்டான்.”