ஏரோப்ளேன் லோகேஸ்வரன்

பங்காருபாளையத்தில் லோகேஸ்வரனுக்குச் சொந்தமாக ஒரு பெயர் கிடையாது. 'மாங்கா மண்டி அம்சவேணி வீட்டுக்காரர்' என்றால்தான் டீக்கடைக்காரர் கன்னையாவுக்கே ஆளைத் தெரியும். ஸ்ரீ சிட்டி தொழிற்சாலையில் அவர் பெரிய சூப்பர்வைசர். ஊருக்குள் வந்தால் வெறும் வீட்டுக்காரர். ஒருநாள் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரே தன்னை 'ஏரோப்ளேன் லோகேஸ்வரன்' என்று கூப்பிட வைப்பது என்று முடிவெடுத்தார்.

விமானம் பெட்டி பெட்டியாக மண்டியில் வந்து இறங்கியது. பாகங்களை வாங்கியவரே ஒன்றாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய, முன்னால் விசிறி சுற்றும் டர்போப்ராப் விமானம். பாதிக்கு மேல் வேலையை யார் கை செய்ததோ, அவர் பெயர்தான் கட்டியவர் என்று பதிவாகும். இந்த விதியை மட்டும் மனைவியிடம் சொல்லாமல் விழுங்கிவிட்டார். ஏனென்றால், றெக்கை முழுக்க ரிவெட் ஆணி. கொஞ்ச நேரம் அடித்ததுமே அவருக்கு இடுப்பு கழன்றுபோயிற்று.

"வேணி, உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்? சும்மா ரெண்டு ரிவெட் அடிச்சிப் பாரேன்."

"எனக்கு இன்னா தெரியும்? நான் மாங்கா தரம் பிரிக்கிறவ."

"அந்தக் கைதான் வேணும்!"

"சரி வுடுங்க. பாவம், களைச்சிப் போய் வந்துகினு இருக்கீங்க. துன்னுட்டுப் படுங்க, நான் பாத்துக்கறேன்."

எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாள்! லோகேஸ்வரன் சாப்பிட்டார், படுத்தார். வால், ஒயரிங், எஞ்சின் எல்லாம் வரிசையாக அவள் தலையில் விழுந்தன. சீட்டுக்கு உறை மாட்டும் அரும்பணியை மட்டும் அவரே ஏற்றுக்கொண்டார்.

விமானத்தைப் பரிசோதித்துப் பதிவு செய்ய அதிகாரி வந்தார். "யார் கட்டினது?"

"நான்தான் சார்!"

அம்சவேணி சிரித்தாள். "சார், புது வண்டின்னா காணிப்பாக்கம் பிள்ளையாருக்குப் பூஜை போடாம எடுக்க மாட்டோம். அங்க வந்து இவரு சொல்லட்டும், எழுதிக்குங்க."

"திருப்பதி போற வழிதானே, வர்றேன்" என்றார் அதிகாரி.

விமானத்தின் விசிறி மட்டும் மாலையும் எலுமிச்சம்பழமுமாக மினி லாரியில் காணிப்பாக்கம் போனது. அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச்சத்தியம் செய்ய சித்தூர்ப் பக்கத்துத் திருடனுக்கே தைரியம் வராது. சத்தியம் செய்கிறவர் வழக்கப்படி கோயில் குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு வந்து நின்றார் லோகேஸ்வரன்.

"சொல்லுங்க, யார் கட்டினது?"

"நான்... சீட்டுக்கு உறை மாட்டினேன் சார்."

"மிச்சம்?"

"அம்சவேணி."

அதிகாரி அவள் பெயரையே எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது லாரியில் லோகேஸ்வரன் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். "அந்த விதி உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பொட்டி மேலயே இங்கிலீஷ்ல போட்டுருந்துச்சே. வெளிநாட்டுக்கு மாங்கா அனுப்பறவ பொட்டியப் படிக்காமயா பிரிப்பா?"

மறுநாள் கன்னையா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஸ்பெஷல் டீ கொடுத்தார். பக்கத்திலிருந்த வெளியூர்க்காரரிடம் பெருமையாகச் சொன்னார்:

"இவரு யாருன்னு தெரியுதா? நம்ம ஏரோப்ளேன்..."

லோகேஸ்வரன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"...அம்சவேணி வீட்டுக்காரரு!"